அடாப்டரில் ஓடிய வீடு

1

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்தமானில், போர்ட் பிளேயர் டெலானிபூரிலிருந்து ஒரு வாட்ஸ்அப். அங்கே எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளியிருக்கும் நஸ்ரின், மருத்துவம் படிக்க இந்த மாதக் கடைசியில் நான் இருக்கும் கரீபியன் தீவான கிரனடாவுக்கு வருகிறாள். பாஸ்போர்ட், லண்டன் வழியாக வருவதற்கு ஒரு விசா, தடுப்பூசி என்று எல்லா மலையையும் ஏறி முடித்தவள், கடைசியாக எல்லோரும் வந்து நிற்கும் இடத்தில் வந்து நின்றிருக்கிறாள்.

"அக்கா, அங்க பிளக் எந்த மாதிரி? வோல்டேஜ் எவ்ளோ? நம்ம சார்ஜர் போட்டா எரிஞ்சிடுமா? அடாப்டர் எத்தன வாங்கட்டும்?"

போர்ட் பிளேயரில் அப்போது மாலை. குழந்தை டீ குடித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து வைத்துக் கேட்டிருப்பாள். நான் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகியவள். முதல் மூன்றுக்கும் பஸ் வருவதற்குள் பதில் அனுப்பிவிட்டேன்.

கரீபியன் என்றால் ஒரே ஊர் என்று நினைத்துக்கொண்டு வராதே. அந்தமான் என்றதும் மெயின்லாந்துக்காரர்கள் கப்பலில் இரண்டு நாள் தள்ளியிருக்கும் கேம்பல் பேயையும் போர்ட் பிளேயரையும் ஏதோ இரண்டு பஸ் ஸ்டாப் மாதிரி பேசுவார்களே, அந்தத் தப்பை நாமே செய்யக் கூடாது. பக்கத்துத் தீவான டிரினிடாடில் நூற்றுப் பத்துக்குச் சற்று மேலேதான் வோல்ட், பிளக்குக்குத் தட்டையான அமெரிக்கக் கால். கிரனடாவில் நம் ஊர் போலவே இருநூற்று முப்பது வோல்ட். ஆகவே நம் சாமான் எதுவும் எரியாது. ஆனால் சுவரில் இருப்பது இங்கிலாந்துக்காரனின் சதுரக் கால் பிளக். நம்முடைய உருண்டைக் கால் அதற்குள் போகாது. நடுவே ஒரு அடாப்டர் வேண்டும்.

நாலாவது கேள்விக்கு, அடாப்டர் எத்தனை என்பதற்கு, மட்டும் பதில் அனுப்பவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். வகுப்பிலும் யோசித்தேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, இங்கே வந்துபோன மூன்று மாதத்தைச் சொல்லியாக வேண்டும். ஊரில் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

2

அத்தா ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். போர்ட் பிளேயரில் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக் கடை. கடை பேருக்குத்தான். உண்மையான தொழில் வீடுகளுக்கு வயரிங் செய்வது. கேம்பல் பேயில் குடியேறியிருந்த முன்னாள் ராணுவத்தார் வீடுகளுக்கு வேலை வந்தால் வாரக் கணக்கில் அங்கேயே தங்கிவிடுவார். பள்ளி விடுமுறையென்றால் அம்மாவும் நானும் கூடவே போவோம்.

கேம்பல் பே போகும் கப்பலில் பங்க் கிளாஸ் என்று அடியில் ஒரு தளம். வரிசை வரிசையாகப் படுக்கை. அத்தனை பேருக்கும் நடைபாதை ஓரத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். தெரிந்தவர்கள் கையோடு ஒரு போர்டு கொண்டுவருவார்கள். அத்தாவின் போர்டு படாக் மரத்தில் அவரே செய்தது. நாலு சாக்கெட், நாலு சுவிட்ச், எங்கள் படுக்கை வரை எட்டும் நீளமான வயர். அவர் அதை மாட்டி வைத்த அரை மணி நேரத்தில் எங்கள் படுக்கையைச் சுற்றிச் சந்தை கூடிவிடும். பஞ்சாபி மாமாவின் ஷேவர், ஒரு தெலுங்குக் குடும்பத்தின் கெட்டில், நிக்கோபாரி ஒருவரின் டேப் ரிக்கார்டர்.

"ஏக் ஏக் கர்கே, பாய். கெட்டில் போட்டா டேப் பந்த்!" என்று, ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி அத்தா அதட்டுவார். கெட்டிலைக் கப்பல்காரர்கள் பார்த்தால் திட்டு விழும். அதனால் அம்மா தன் முந்தானையை அதன் மேல் போட்டு மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேம்பல் பே போய்ச் சேர்வதற்குள் அந்தத் தளத்தில் பாதிப் பேர் எங்களுக்கு உறவாகிவிடுவார்கள்.

வீட்டில் அத்தாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. கரண்ட் போய்விட்டுத் திரும்ப வந்தால் உடனே எதையும் போடக் கூடாது. ஒரே ஒரு பல்பு. அது பத்து நிமிஷம் ஆடாமல் எரிந்தால் ஃபேன். பிறகுதான் ஃப்ரிட்ஜ். "வந்த கரண்ட் நிக்குமா போகுமான்னு அதுக்கே தெரியாது. கொஞ்சம் பொறு" என்பார். அந்தப் பத்து நிமிஷமும் வேர்த்துக் கொட்ட எல்லோரும் பல்பையே பார்த்துக்கொண்டிருப்போம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

3

வீட்டுக்காரருக்கு இங்கே மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலை கிடைத்தபோது இரண்டே வருஷம் என்றுதான் கிளம்பினோம். இரண்டு வருஷத்துக்காக எவராவது மிக்ஸியின் பிளக்கை வெட்டுவார்களா? ஏழு அடாப்டர் வாங்கினேன். மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், தையல் மெஷின் மோட்டார், டேபிள் ஃபேன், கெட்டில், எமர்ஜென்சி லைட். ஏழுக்கும் ஏழு. இரண்டு வருஷம் பதினொன்றாயிற்று. வருஷா வருஷம் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் கவுன்ட்டரில் இருக்கும் அம்மாள் என் பிறந்த நாளை மனப்பாடமாகச் சொல்வாள். அடாப்டர்கள் உடைந்தன, வேறு வாங்கினேன். பிளக்கை மட்டும் வெட்டவில்லை. "அதான் போகப் போறோமே" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டேன்.

அம்மா தவறிய பிறகு அத்தா டெலானிபூர் வீட்டில் தனி. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் தாஸ் தாதாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மெயின்லாந்துக்கு ரெஃபர் செய்து சென்னையில் ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். "நீ பதறுவேன்னு சொல்லல" என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், இவரை இங்கே கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்வதென்று. அவரிடம் சொன்னது மட்டும் "சும்மா மூணு மாசம் வந்துட்டுப் போங்க" என்று.

வந்தார். கிரனடா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அவர் பெட்டியைத் திறந்து, கைலிகளுக்கும் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் அடியிலிருந்து ஒரு மரப் பலகையை உருவினார். அதே கப்பல் போர்டு! கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அது என்னவென்று அதிகாரி கேட்க, அத்தா நிமிர்ந்து நின்று, "ஷிப் போர்டு சார். எவ்ரிபடி சார்ஜ்" என்றார். அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே திரும்ப உள்ளே வைத்தார். கருவாட்டைத்தான் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"எதுக்கு அத்தா இத சுமந்துட்டு வந்தீங்க?"

"ஒரே ஒரு அடாப்டர் இருந்தாப் போதும்மா. அத இந்த போர்டுக்குப் போட்டுட்டா நம்ம ஊரு பிளக் நாலு சேர்ந்தாப்ல ஓடும். உனக்கு இது தோணலயா?"

பதினொரு வருஷம் தோன்றவில்லை. நஸ்ரின், இது உனக்கு உபயோகப்படும்.

மறுநாள் நான் பள்ளிக்குப் போயிருந்தபோது வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்திருக்கிறார். சதுரப் பிளக் ஒன்றைக் கழற்றி அதற்குள் ஃபியூஸ் இருப்பதைக் கண்டுபிடித்து, "வெள்ளைக்காரன் புத்தியப் பாரு!" என்று சாயங்காலம் வரை வியந்துகொண்டிருந்தார். பிறகு என்னைக் கிரைண்டர் பக்கம் கூட்டிப்போய்ச் சாக்கெட்டைக் காட்டினார். அடாப்டர் சூடாகிச் சூடாகி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தது. குளியலறைக்கு வெளியே இருந்த சாக்கெட்டில் பென்சில் குத்திய கறுப்பு அடையாளம். சதுரச் சாக்கெட்டின் மேல் ஓட்டையில் எதையாவது குத்தினால்தான் கீழே இருக்கும் இரண்டும் திறக்கும். அடாப்டர் கைக்கு அகப்படாத அவசரத்தில் பென்சிலால் குத்தி, ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பின் சார்ஜரைக்கூட நான் அப்படிச் சொருகியிருக்கிறேன். நம் ஆட்கள் இங்கே பலர் செய்யும் வேலைதான்.

"கரண்டுக்காரன் பொண்ணு செய்யற வேலையா இது? பிள்ள இருக்கற வீடு!" என்றார். நஸ்ரின், நீயும் செய்யாதே.

பிள்ளை என்றது என் மகள் ஸனாவை. பதின்மூன்று வயது. தாத்தாவை 'நன்னா' என்று கூப்பிடுவாள். அதற்கு மேல் அவளிடமிருக்கும் தமிழை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். அவர் வந்த முதல் வாரத்திலேயே அவள் மயாமியிலிருந்து வரவழைத்த முடியை நேராக்கும் கருவியை அடாப்டரில் மாட்டினாள். சில நொடியில் புகை. வீடெல்லாம் கருகல் நாற்றம். அழுதாள். அத்தா கருவியைத் திருப்பி அடியில் இருந்த எழுத்தைப் படித்தார்.

"நூத்துப் பத்து வோல்ட்டு. அடாப்டர் கால மாத்தும்மா, வயித்த மாத்தாது. நூத்துப் பத்து குடிக்கறதுக்கு இருநூத்து முப்பத ஊத்துனா என்ன ஆகும்?"

"வாட் டிட் ஹீ ஸே?" என்று ஸனா என்னைக் கேட்டாள். மொழிபெயர்த்தேன். என் அப்பா சொன்னதை என் மகளுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குக் கருகியது அந்தக் கருவி மட்டுமில்லை.

4

மூன்று மாதத்துக்கு மேல் தங்க வேண்டுமானால் நீட்டிப்பு விண்ணப்பம். குடியேற்ற அலுவலகத்தில் இரண்டு தடவை வரிசையில் நின்று ஃபாரம் வாங்கிவந்தேன். எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பினேன். தங்கும் காரணம் என்ற இடத்தில் 'மகளுடன் வசிக்க' என்று எழுதினேன். அத்தாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. ஃப்ரிட்ஜ் மேல் ஜாதிக்காய் டப்பாவுக்கு அடியில் அதை வைத்திருந்தேன்.

"பார்க்கலாம்மா" என்பார். மறுநாள் கேட்டால், "கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல."

நான் விடவில்லை. எனக்கு நம்பிக்கை இருந்தது. காரணம் பக்கத்து வீட்டு மிஸ் ஜாய்ஸ். அறுபது தாண்டியவர். ஒரு நாள் பிற்பகல் பெருமழை, படக்கென்று மின்சாரம் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர், "கரண்ட் கான்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். கரண்ட் போய்விட்டது என்பதை இந்தத் தீவில் அப்படித்தான் சொல்வார்கள். பவர் என்று சொல்ல மாட்டார்கள். கரண்ட்.

சாய்ந்திருந்த அத்தா எழுந்து உட்கார்ந்தார். "நம்ம பாஷை பேசுதே அந்தம்மா!"

ஜன்னலுக்குப் போய்ப் பதிலுக்கு, "கரண்ட் போச்சு!" என்று கத்தினார். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அன்றிலிருந்து மின்சாரம் போனாலும் போகாவிட்டாலும் வேலியோரம் நின்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அவர் ஆங்கிலம் அத்தாவுக்குப் புரியாது. அத்தாவின் இந்தி கலந்த தமிழ் அவருக்குப் புரியாது. ஆனாலும் ஈரப்பலாக்காய் இங்கே வந்தது, இடியாப்பம் அங்கே போனது.

மின்சாரம் திரும்பியதும் பழைய சட்டம். ஒரு பல்பு. பத்து விரலையும் காட்டி ஸனாவை நிறுத்தினார். "வைஃபை, நன்னா!" என்று அவள் காலை உதைத்தாள். அவர் அசையவில்லை. இருவரும் சோபாவில் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது தடவை கரண்ட் போய் வந்தபோது, ஃப்ரிட்ஜைப் போடப் போன தன் அப்பாவை ஸனாவே தடுத்தாள். "நோ, டாடி. கொஞ்சம் பொறு."

கொஞ்சம் பொறு! அவள் தானாகச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அது. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். இவர் இங்கேதான் இருக்கப் போகிறார் என்று முடிவே செய்துவிட்டேன்.

5

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் திங்கள்கிழமை. அதற்கு முந்தைய வியாழன் பள்ளியிலிருந்து வந்ததும் ஃபாரத்தையும் பேனாவையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"அத்தா, இனிமே பார்க்கலாம் கீர்க்கலாம்லாம் வேணாம். போடுங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நீ இங்க இருக்கப் போறியாம்மா?"

"இது என்ன கேள்வி? பதினோரு வருஷமா இருக்கேன்."

"எங்க இருக்கே? ஏழு சாமான், ஏழும் அடாப்டர். அடாப்டர் போட்டு ஓட்டறவன் ஊருக்கு வந்த விருந்தாளி. குடி இருக்கறவன் பிளக்க வெட்டிருவான். நீயே பதினோரு வருஷமா விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்கு நான் எப்படிம்மா குடி வர்றது?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் யாருக்காக வெட்டாமல் வைத்திருக்கிறேன்? ஒரு நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு இவரிடம் திரும்பிப் போகத்தானே!

"சரி. வெட்டுங்க. எல்லாத்தையும் வெட்டுங்க. நான் இருக்கேன், நீங்களும் இருங்க."

"யோசிச்சு சொல்லு."

"யோசிச்சாச்சு. வெட்டுங்க!"

சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனார். ஏழு சதுரப் பிளக். கிரைண்டருக்கு எந்த ஃபியூஸ், ஃபேனுக்கு எந்த ஃபியூஸ் என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தித் தேர்ந்தெடுத்தார். வீட்டுக்கு வந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பிளக்கையும் ஒரு சாண் வயரோடு வெட்டினார்.

"ஏன் இவ்ளோ வயர விட்டு வெட்டறீங்க?"

"நம்ம ஊர்ல சாமான் கப்பல்ல வரணும். எதையும் மொட்டையா வெட்டக் கூடாது. இன்னொருத்தனுக்கு ஆகும்."

ஸனா திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். மத்தியானத்துக்குள் ஏழும் முடிந்தது. கிரைண்டரைப் போட்டார். எந்த அடாப்டரும் இல்லாமல் அது சுற்றியது. பழைய அடாப்டர்களில் ஆறைக் குப்பையில் போட்டார். ஒன்றை மட்டும், எல்லா நாட்டுக் காலும் வெளியே இழுத்துவிடக்கூடிய பெரியதை, மேஜை மேல் வைத்தார். நான் சந்தோஷத்தில் ஓடிப்போய் ஃபாரத்தை எடுத்துவந்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அது வேற, இது வேறம்மா."

"என்ன வேற?"

"பிளக்கு உனக்கு. நீ இங்க இருக்கணும், நல்லா இருக்கணும். உன் பிள்ள இந்த ஊருப் பிள்ள. எப்ப ஊருக்குப் போறோம் எப்ப போறோம்னு நீ வாசல்லயே நின்னா அது எங்க போய் நிக்கும்? ஃபாரம் என்னது. நான் போறேன்."

"போயி? தனியா கெடந்து சாகப் போறீங்களா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். ஸனா திருகாணி டப்பாவை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தா கோபப்படவில்லை. "தனியா எங்க? தாஸ்கிட்ட சாவி இருக்கு. கடைக்குப் போனா நாலு பேரு 'அரே வயர்மேன் பாய்'னு கூப்பிடறான். உங்கம்மா கபர் அங்க இருக்கு, வெள்ளிக்கிழமை போகணும். இங்க நான் நல்லாத்தான் இருந்தேன். ஆனா என் வயிறு அந்த ஊரு வயிறு."

திங்கள்கிழமை ஃபாரம் ஜாதிக்காய் டப்பாவுக்கு அடியிலேயே இருந்தது. அந்த வாரம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த வாரம் கிளம்பிவிட்டார். வெட்டிய ஏழு பிளக்குகளையும் கப்பல் போர்டையும் கைலிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனார். மிஸ் ஜாய்ஸ் வாசலில் நின்று, "கரண்ட் போச்சு" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் அது.

6

இந்த ஜூலை விடுமுறையில் ஸனாவும் நானும் போர்ட் பிளேயர் போனோம். என் சாமான் எல்லாம் இப்போது சதுரக் கால். அந்தப் பெரிய அடாப்டரைக் கைப்பையில் வைத்திருந்தேன். பிறந்து வளர்ந்த வீட்டுக்கு அடாப்டரோடு போகிறேனே என்று விமானத்தில் நினைத்து நினைத்து மனம் கனத்தது.

அத்தா இளைத்திருந்தார். மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். அதைப் பார்க்காதது போல முன்னால் போனேன்.

என் பழைய அறை. ஸனா பெட்டியை எறிந்துவிட்டுப் போனையும் சார்ஜரையும் எடுத்தாள். அடாப்டரைத் தேட நான் கைப்பையைத் திறப்பதற்குள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். குனிந்து பார்த்தேன். உருண்டை ஓட்டைச் சாக்கெட்டுகளுக்கு நடுவே புதிதாக ஒரு சதுரச் சாக்கெட். சுற்றிலும் சிமென்ட் பூச்சுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.

"அத்தா, இது எப்ப போட்டீங்க?"

"வந்த மாசமே. சென்னைக்குச் சொல்லி கப்பல்ல வரவழைச்சேன். தாஸ் பாத்துட்டு, யே கியா லகாயா, என்னத்த மாட்டியிருக்கே, யாருக்குய்யா இதுன்னு சிரிச்சான்."

"என்ன சொன்னீங்க?"

"என் பொண்ணு வருவா, அவ கையில அடாப்டர் வச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு சாக்கெட். விருந்தாளிக்குத்தானே அப்படிச் செய்வார்கள். சந்தோஷமா துக்கமா என்று எனக்கே பிடிபடவில்லை.

"என் பிளக்கெல்லாம் எங்க அத்தா?"

"உன் மிக்ஸி பிளக்கு தாஸ் வீட்டு டேபிள் ஃபேன்ல ஓடுது. அயர்ன் பாக்ஸோடது பள்ளிவாசல் மைக்குக்கு. மத்தது நாலஞ்சு வீட்டுக்குப் போயிருச்சு."

"ஒண்ணாவது வச்சிருக்கக் கூடாதா?"

"பிளக்க பெட்டியில வச்சு என்னம்மா செய்யறது?" என்று என்னை விநோதமாகப் பார்த்தார்.

கிளம்பும் நாள். பெட்டிகளை இறக்கியாயிற்று. தாஸ் தாதா கீழே ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அத்தா என் கைப்பையைக் காட்டினார்.

"அந்தப் பெரிய அடாப்டர் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"இங்க அதுக்கு வேலையில்ல. அங்கயும் வேலையில்ல. எங்கிட்ட கொடு."

"உங்களுக்கு எதுக்கு?"

"அங்க வந்தா எனக்கு வேணுமில்ல? என் ஷேவர் பிளக்க நான் வெட்ட மாட்டேன். நான் விருந்தாளி."

எடுத்துக் கொடுத்தேன். காலை இழுத்துவிட்டு, உள்ளே தள்ளி, சரிபார்த்தார். அலமாரியைத் திறந்து கப்பல் போர்டின் மேல் வைத்தார். எப்போது வருகிறேன் என்று சொல்லவில்லை. டிக்கெட் எடுக்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அந்த மாடிப்படி தெரியும்.

7

ஆகவே நஸ்ரின், உன் நாலாவது கேள்விக்குப் பதில்: ஒன்று. ஒரே ஒரு அடாப்டர், ஒரு நல்ல போர்டு. ஏழு வாங்காதே. இங்கே வந்து என்னிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடும் வராதே, என்னிடம் இப்போது அடாப்டர் கிடையாது.

கிளம்புவதற்கு முன்னால் நாலு வீடு தள்ளிப் போய் என் அத்தாவைப் பார்த்துவிட்டு வா. போர்டு எப்படிக் கட்டுவது என்று சொல்வார். வேறு போர்டு தேட நேரமில்லை என்று சொல்லி அவருடையதையே கேட்டுப் பார். இங்கே வருவதற்கென்று அடாப்டரோடு அவர் எடுத்து வைத்திருப்பது அது, கொடுத்தால் வாங்காதே. கொடுக்கிறாரா இல்லையா என்பதை மட்டும் எனக்குச் சொல்.